சூரிச்சிலிருந்து லண்டனுக்கு ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம்

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் மூலையில், மரக்கறிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில், நம்மவர் ஒருவர் பயண ஏஜென்சி வைத்திருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, மாசி மாதம். பஸ்ஸை விட்டிறங்கி, பனிச்சேற்றில் விழாத குறையாக உள்ளே போய், சப்பாத்தைக்கூடத் தட்டாமல் கேட்டேன்.

“அண்ணை, சூரிச்சிலயிருந்து லண்டனுக்குப் பிளேன் எவ்வளவு நேரம்?”

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “நீரோ போறீர்?”

“நானில்லை. என்ரை தம்பி.”

தடித்த கால அட்டவணைப் புத்தகமொன்றை இழுத்து, விரலை நக்கி நக்கிப் பக்கம் புரட்டினார். “இந்தா, சூரிச்சில ஒரு மணிக்கு வெளிக்கிட்டு லண்டனில ஒண்டு நாப்பதுக்கு இறங்குது.”

“நாப்பது நிமிஷமோ!” என்று கத்திவிட்டேன். ரிக்கற்றுக்குக் காத்திருந்த ஒரு அன்ரி திரும்பிப் பார்த்தார்.

“பொறும் காணும். லண்டன் மணி சுவிஸை விட ஒரு மணித்தியாலம் பிந்தி. அதையும் கூட்டும். ஒரு மணித்தியாலம் நாப்பது நிமிஷம். ரிக்கற் போடவோ?”

“பிறகு சொல்லுறன்.”

“அப்ப என்ன இழவுக்குக் கேட்டனீர்?” என்று சிரித்தார் மனுசன். பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அந்த இழவு என்ற சொல் மட்டும்தான் கேட்டது. வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்று, குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மணிக்கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அந்தக் கணக்கு எனக்கு எதற்கு என்றால், லண்டனில் தங்கச்சி வீட்டிலிருந்த அம்மாவுக்குச் சாவு நெருங்கியிருந்தது. பொங்கல் முடிந்த கிழமை வயிற்று நோவென்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இடத்தில், ஈரலில் புற்று என்றார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை, ஆறு கிழமை, மிஞ்சினால் இரண்டு மாதம் என்றார்கள். நாங்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவன் நான், மல்வேர்னில் வாடகை அப்பார்ட்மென்ட் ஒன்றில். அடுத்தது தங்கச்சி. கடைசி தம்பி, சூரிச்சில் ஒரு ரெஸ்ரோரண்ட் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அகதி வழக்குப் போட்டு ஐந்து வருடமாகியும் முடிவு வரவில்லை. வீட்டைவிட்டுப் போகும்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அவன் அம்மாவைப் பார்க்கவேயில்லை.

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசி மகன். அப்பாவுக்கு நான் வைத்தேன். ஆகவே அம்மாவுக்கு இப்படியென்று கேட்டதும் எல்லாருடைய கண்ணும் தம்பி பக்கம் திரும்பியது. என் கண் எல்லாருக்கும் முந்தித் திரும்பியது. எனக்கோ நிரந்தரமாக இருக்கலாம் என்ற லாண்டட் பேப்பர் வந்து ஒரு வருடம்தான், அகதிகளுக்குப் பாஸ்போட்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் பயணப் புத்தகம் இன்னும் எடுக்கவில்லை. றெக்ஸ்டேலில் பிளாஸ்ரிக் மூடி அடிக்கும் தொழிற்சாலையில் புது வேலை, மூன்று மாதம் முடியமுதல் லீவு கேட்டால் வீட்டோடு நில் என்பார்கள். மனைவிக்கு ஏழாம் மாதம். கனடா தூரம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொந்தக்காரர் எல்லாரும் ஒரே வாயால் சொன்னார்கள். நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

தம்பி ஒரு வருடப் பிறப்புக்கு எனக்கொரு சுவிஸ் டயறி அனுப்பியிருந்தான். கையளவு, சிவப்பு மட்டை. பின்பக்கத்தில் ஐரோப்பிய நகரங்களின் தூரங்கள் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. மேலே ஒரு நகரம், பக்கத்தில் ஒரு நகரம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் கிலோமீற்றர். சூரிச்சும் லண்டனும் சந்திக்கும் கட்டத்தில் ஆயிரத்துக்குக் கிட்ட ஒரு எண் இருந்தது. அது றோட்டுத் தூரம். ஆகாயத்தால் இன்னும் குறையும் என்று எனக்கு நானே குறைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகிற பஸ்ஸில் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு இருப்பேன். மல்வேர்னிலிருந்து றெக்ஸ்டேலுக்கு மூன்று பஸ், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். நான் மூடி அடிக்கப் போகிற நேரத்துக்குள் அவன் தாயிடம் போய்ச் சேர்ந்து, தண்ணீரும் குடித்துவிடுவான். அப்படியிருந்தும் போக முடியாது. கோதாரி விழுந்த உலகம்!

ஏன் போக முடியாது? அவன் கையிலிருந்தது அகதி வழக்குக்காரருக்குக் கொடுக்கும் ஒரு மடித்த கடதாசி. அதை வைத்துக்கொண்டு சுவிஸுக்குள் உலாவலாம், கோப்பை கழுவலாம், எல்லை தாண்டக் கூடாது. டொக்டரின் கடிதத்தைத் தங்கச்சி பாக்ஸ் பண்ணினாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு நடந்தான். ஒரு இடத்தில் படிவம் கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில் இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னார்கள்.

“அவையள் மரியாதையாத்தான் கதைச்சவை, அண்ணை,” என்றான் ரெலிபோனில். “பாவம் எண்டும் சொன்னவை.”

“அவையின்ர பாவத்தைக் கொண்டுபோய் உலையிலை போடு! அம்மா ரெண்டு மாதம் இருப்பாவோடா விசரா?”

அவனைத்தான் நான் எப்போதும் ஏசுவேன், சின்ன வயதிலிருந்து. அவனும் வாங்கிக்கொண்டு நிற்பான்.

அந்தக் கிழமைதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். நான்தான் சொன்னேன், வேறு ஒருவருமில்லை. அவனோடு குசினியில் வேலை செய்த ஒரு பெடியனுக்கு வழக்கு வென்று நீலப் பயணப் புத்தகம் கிடைத்திருந்தது. அந்தப் புத்தகத்தோடு விசா இல்லாமல் லண்டன் போய் வரலாம். ஆளும் தம்பியின் உயரம், அதே மீசை, அதே மா நிறம். வெள்ளைக்காரன் எங்கள் முகத்தில் என்ன வித்தியாசத்தைக் கண்டான் என்று சொன்னேன். மூன்று நாள், போய் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வா. இல்லை, மோசம் என்றால் நின்று கொள்ளியை முடித்துவிட்டு வா.

“பயமாக்கிடக்கு அண்ணை.”

“அம்மா உன்னைக் காணாமல் கண்மூடினால் பயமில்லையோ?”

அவன் போய்க் கேட்டான். அந்தப் பெடியனும் நல்லவன், தாய்க்காக என்றதும் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டான்.

வெளிக்கிட முதல்நாள் அவனுக்கு மீண்டும் ரெலிபோன் எடுத்தேன். என்ன சாமான் கட்டினாய் என்று கேட்டேன். ஒரு ஜீன்ஸ், இரண்டு சேட், அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை என்றான்.

“வேட்டி?”

“வேட்டி எதுக்கு?”

“எதுக்கு எண்டு என்னட்டைக் கேக்கிறாய். கொள்ளிக்கு என்ன, ஜீன்ஸோடையோ நிக்கப்போறாய்?”

“அம்மா இன்னும் இருக்கிறா எல்லோ அண்ணை,” என்றான்.

“இருக்கிறாதான். ஆனா உனக்கு மூண்டு நாள்தானே. அங்கை போய் இரவல் வேட்டி கட்டக் கூடாது. உன்ரை வேட்டியை எடுத்து வை.” இரவல் வேட்டியோடு கொள்ளி வைக்கக் கூடாதென்று எங்கே கேட்டேனோ எனக்கே தெரியாது. மூத்தவன், நாலும் தெரிந்தவன் என்று ஒரு மிதப்பு. அவன் சரி என்றான். கோயில் திருவிழாவுக்குக் கட்டுவதற்கென்று ஒரு வேட்டி வைத்திருந்தான். அதை எடுத்துப் பையின் அடியில் வைத்தான்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, சூரிச்சில் பகல் ஒரு மணி, பிளேன் வெளிக்கிட்டது. நான் குசினி மேசையில் ரெலிபோனை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எட்டு மணிக்கு, இப்போது பிரான்சுக்கு மேலால் போவான் என்று அவளுக்குச் சொன்னேன். எட்டரைக்குக் கடல் தாண்டியிருப்பான் என்றேன். எட்டு நாற்பதுக்கு எழுந்து நின்றுவிட்டேன்.

“இறங்கிட்டான்!”

“இஞ்சருங்கோ, இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ. ஆறிப்போச்சு.”

ஒன்பது மணி. தங்கச்சியின் புருசன் ஏர்போட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், பெட்டி எடுக்க நேரம் பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஒன்பதரைக்குத் தங்கச்சி எடுத்தாள். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், இவனை மட்டும் காணவில்லை.

“கியூ நீளமாயிருக்கும்,” என்றேன்.

“அண்ணா, அடுத்த பிளேன்காரரும் வந்திட்டினமாம்.”

பத்து மணி. பத்தரை. நான் அறைக்கும் குசினிக்கும் நடந்தேன். யாராவது தெரிந்தவர் ரெலிபோன் எடுத்தால், இப்ப கதைக்க ஏலாது என்று பட்டென்று வைத்தேன். வேலைக்கு வெளிக்கிட வேண்டிய நேரம் வந்தது. உடம்புக்கு வருத்தம் என்று போர்மனுக்கு எடுத்துச் சொல்ல மனைவியை விட்டேன். முருகா, முருகா என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சாமி கும்பிட்டு எத்தனையோ வருடமாகியிருந்தது எனக்கு.

பதினொன்றேகாலுக்கு மணி அடித்தது. தம்பி.

“அண்ணை, பிடிச்சிட்டாங்கள்.”

அவன் அழவில்லை. களைத்துப்போன குரலில், கடையில் சாமான் இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். புத்தகத்தைப் பார்த்தார்களாம், முகத்தைப் பார்த்தார்களாம், போ என்று சொல்லிவிட்டார்களாம். சுங்கத்தில் ஒருத்தன் சும்மா பையைத் திறக்கச் சொன்னானாம். சேட்டை எடுத்தான், சால்வையை எடுத்தான், வேட்டியை எடுத்து விரித்தான். அந்த வேட்டியின் ஓரத்தில் கறுப்பு மையால் தம்பியின் சொந்தப் பெயர் இங்கிலீஷ் எழுத்தில் முழுதாக எழுதியிருந்தது.

சுவிஸுக்குப் போன புதிதில் அவன் அகதி முகாமில் இருந்தான். அறுபது எழுபது பேருக்கு இரண்டு உடுப்புத் துவைக்கிற மெஷின். உடுப்பு மாறிப் போகாமலிருக்க ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் உடுப்பில் பெயரை எழுதி வைப்பார்களாம். சேட்டும் ஜீன்ஸும் பிறகு வாங்கினது. வேட்டி மட்டும் பழசு. அதை விரித்துப் பார்க்க அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கு எங்கே தோன்றப்போகிறது?

“ஆற்றை பேர் இது எண்டு கேட்டவன். நான் கூட்டாளியின்ரை எண்டனான். வேட்டியை மட்டும் இரவல் வாங்கினனீரோ எண்டு கேட்டான் அண்ணை. பிறகு எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்.”

“அம்மா சாகக்கிடக்கிறா எண்டு சொன்னியோடா? ஆஸ்பத்திரிப் பேரைச் சொன்னியோ?”

“காலிலை விழாத குறையாக் கேட்டனான். ஒரு மணித்தியாலம், விலங்கு போட்டுக் கொண்டுபோங்கோ எண்டும் கேட்டனான். ஒருத்தன் மேல ஆருக்கோ போன் பண்ணினவன். ஏலாதாம். இரவுப் பிளேனில திருப்பி அனுப்புறாங்கள்.”

“அங்கையே அகதி எண்டு அசூல் கேளன்!”

“கேட்டா இஞ்சை கொண்டுபோய் அடைப்பினம். அம்மாட்டை விடமாட்டினமாம். சுவிஸ் வழக்கும் போகும்.” பிறகு, “அத்தான் வெளியில நிக்கிறாரோ அண்ணை?” என்று கேட்டான்.

“நிக்கிறார்.”

“போகச் சொல்லுங்கோ. பாவம், குளிருக்கை.”

அம்மா படுத்திருந்த இடத்துக்கும் அவன் இருந்த இடத்துக்கும் காரில் முக்கால் மணித்தியாலம் என்று பிறகு மச்சான் சொன்னார். அதையும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன், என்ன கண்டறியாத கணக்கோ! அன்று நான் சுவரில் கையால் குத்தி, கை வீங்கி, மனைவி ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு அழுதாள். அவன் திரும்பிப் போனான். புத்தகம் பறிபோனது. அதைக் கொடுத்த பெடியன் பட்ட பாடு இன்னொரு கதை, அவன் முகத்தில் முழிக்க எனக்கு இன்றுவரை தைரியமில்லை.

தங்கச்சி அடுத்த நாள் எடுத்தாள். அவள் என்னோடு குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

“லண்டனிலை வேட்டி விக்கிறதில்லையோ அண்ணா? எங்கடை றோட்டிலை மட்டும் நாலு கடை கிடக்கு. அம்மா இருக்கேக்கையே கொள்ளிக்கு வேட்டி கட்டச் சொல்லி அனுப்ப உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?”

அறுவான், நான்தான் அறுவான் என்று மனதுக்குள் என்னையே திட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குச் சின்னவன் வருகிறான் என்று முன்பே சொல்லியிருந்தார்களாம். தலை வாரி, கட்டிலை நிமிர்த்தி, கதவைப் பார்த்தபடி இருந்தவவாம். பிளேன் பிந்திவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்களாம். இரண்டாம் நாளும் அதையே சொல்ல முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அம்மா முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டாவாம்.

அதற்குப் பிறகும் நான் அடங்கினேனா? இல்லை. றெயினில் போகலாமா, லொறியில் போகலாமா, பாரிஸ் வழியாகத் தாண்ட வழி இருக்கிறதா என்று நாளுக்கு நாலு பேருக்கு அடித்துக் கேட்டேன். டயறியின் அந்தப் பக்கம் கழன்று கையோடு வந்துவிட்டது. சூரிச் - பாரிஸ், பாரிஸ் - லண்டன் என்று துண்டு துண்டாகக் கூட்டினேன். தம்பி ஒரு நாள், “அண்ணை, என்னை விடுங்கோ, என்னாலை ஏலாது,” என்று சொல்லிவிட்டு ரெலிபோனை வைத்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தாய்க்கு ஒரு பிள்ளை செய்ய வேண்டியதைச் செய்ய மாட்டேன் என்கிறானே என்று மனைவியிடம் கத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கிழமை முடிவில், ஒரு காலை, தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தாள். அம்மா கொஞ்சம் தெளிவாக இருக்கிறா, கதையுங்கோ என்று ரிசீவரை அம்மாவின் காதில் வைத்தாள். மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது.

“அம்மா,” என்றேன். “சின்னவன் எப்பிடியும் வருவான். வேறை வழி பாக்கிறம். கிட்டத்தானே அம்மா, ஒரு மணித்தியாலம் நாப்பது நிமிஷம்...”

“அவனைப் போட்டு வதையாதை மோனை.” குரல் பஞ்சாகிவிட்டிருந்தது. ஆனால் சொல் தெளிவு. “நீ எப்ப வாறாய்?”

“நானோ? நான் கனடாவில எல்லோ அம்மா.”

“தெரியும். எத்தினை மணித்தியாலம்?”

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சூரிச், பாரிஸ், லண்டன் என்று ஐரோப்பா முழுவதும் நிமிடக் கணக்கில் மனப்பாடம். ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கு எத்தனை மணித்தியாலம் என்று அந்த ஏஜென்சிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை நான். பயணப் புத்தகத்துக்கு ஒரு படிவம்கூட எடுக்கவில்லை. பொங்கல் முடிந்து வருத்தம் தெரிந்த அன்றே போட்டிருந்தால் கையில் வந்திருக்கும்.

“கனக்க அம்மா,” என்றேன்.

“கனக்க எண்டா? ஒரு நாள் முழுக்கவோ?”

“இல்லை... ஒரு நாள் வராது.”

“அப்ப வாவன்,” என்றா அம்மா.

வாறன் அம்மா, வாறன் என்றேன். அன்றே ஓடிப்போய்ப் படிவத்தை எடுத்து, படம் பிடித்து, நிரப்பி அனுப்பினேன். அவசரம் என்று மேலே சிவப்பால் எழுதினேன். நாலாம் நாள் காலை, வேலைக்குச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது தங்கச்சி எடுத்தாள். சொல்லத் தேவையிருக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். கொள்ளி மச்சான் வைப்பார், அங்கே ஒரு பொத்தானை அமத்துவதுதான் என்றாள்.

“கடைசியா என்னைக் கேட்டவ,” என்றேன். “ஒரு தரம் கேட்டவ. அதுக்குக்கூட நான்...”

“ஒரு தரமில்லை அண்ணா.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளிலயிருந்து உங்களைத்தான் கேட்டவ. பெரியவனை ஒருக்காப் பாக்கவேணும், பெரியவனை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு. நீங்கள் எப்ப எடுத்தாலும் தம்பியைப் பற்றியே கதைச்சியள். கனடா தூரமம்மா எண்டு நான்தான் சொல்லிச் சமாளிச்சனான்.”

நான் ரிசீவரை வைத்தேன். மற்றச் சப்பாத்தையும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.